படுக்கை நேரமும் உறக்க நேரமும்: சென்னையில் நடந்த ஒரு பரிசோதனை எழுப்பும் கேள்விகள்

1. விசாரணைக்குரிய பொருள்

மனிதன் நாள்தோறும் எட்டு மணி நேரம் உறங்க வேண்டும் என்னும் விதி, வைத்தியர்கள் சொல்லியும் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பகுதிகள் திரும்பத் திரும்ப எழுதியும், இன்று ஏறக்குறைய ஒரு சாஸ்திரப் பிரமாணத்தின் அந்தஸ்தை அடைந்துவிட்டது. ஆனால் எட்டு என்னும் இந்த எண், உறக்கத்தைப் பற்றிய பரிசோதனைகள் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஜனங்களின் மனத்தில் இடம் பிடித்திருந்தது. பஞ்சாலை முதலாளியாக இருந்துகொண்டே தொழிலாளர் நலனுக்காக வாதாடிய ராபர்ட் ஓவன், 1817-இல், நாளின் 24 மணி நேரத்தை உழைப்புக்கு எட்டு, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு என்று மூன்று சமபாகங்களாக வகுத்த கோஷத்தை முன்வைத்தார்; அது நித்திரையைப் பற்றிய ஆராய்ச்சி முடிவன்று, விடிந்தது முதல் இருட்டும் வரை ஆலையில் நின்றவர்களுக்காக எழுந்த நியாயக் குரல். அமெரிக்காவின் உறக்க மருத்துவச் சங்கமும் உறக்க ஆராய்ச்சிச் சங்கமும் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைகூட, வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்று சொல்கிறதேயன்றி எட்டு என்று ஆணையிடவில்லை.

எண்ணைப் பற்றிய இந்தத் தகராறு ஒருபுறம் இருக்கட்டும். உறக்கம் கெட்டால் தேகமும் புத்தியும் கெடும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதிலிருந்து, உறங்கும் நேரத்தைக் கூட்டினால் கெட்டவை யாவும் சீர்படும் என்னும் முடிவுக்கு நாம் வெகு சுலபமாகத் தாவிவிடுகிறோம். முதல் கூற்று பரிசோதனையால் நிலைநாட்டப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் அநுமானம். இந்த அநுமானத்தை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த மிகச் சில ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையிலேயே, எளிய வருமானமுள்ள ஆண் பெண்களிடையே நடைபெற்றது. அதன் முடிவு நிபுணர்களின் எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

2. குறைப்பதால் வரும் கேடு: நிலைபெற்ற சான்றுகள்

உறக்கமின்மையின் தீமையை முதன்முதலில் பரிசோதனை முறையில் காட்டியவர்களுள் ஒருவர் ருஷ்ய நாட்டு மருத்துவப் பெண்மணி மரீ த மனசேன். 1894-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, உறங்கவிடாமல் வைக்கப்பட்ட நாய்க்குட்டிகள் சில தினங்களிலேயே மாண்டன. பின்னர் 1980-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலன் ரெக்ட்ஷாஃபெனும் அவருடைய சகாக்களும் எலிகளிடம் செய்த பரிசோதனையிலும், இடைவிடாது விழித்திருக்கச் செய்யப்பட்ட எலிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் இறந்தன. இவை ஈவிரக்கமற்ற காரியங்கள்; அவற்றின் சாஸ்திரப் பயனும் ஓரளவுக்குத்தான். எந்த மனிதனும் தன் வாழ்நாளில் அவ்விதம் விழித்திருப்பதில்லை. 1964-இல் கலிபோர்னியாவில் பள்ளி மாணவன் ராண்டி கார்ட்னர் 264 மணி நேரம் விழித்திருந்து உலகப் புகழ் பெற்றதும் அதிசயக் கதையாகவே எஞ்சுகிறது.

நமக்கு வேண்டியது, அன்றாட வாழ்க்கையில் நேரும் சிறுசிறு குறைவுகளின் விளைவைப் பற்றிய அறிவு. அதைத் தந்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் டேவிட் டிங்கஸும் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஆரோக்கியமான 48 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு இரவில் எட்டு மணி நேரமும், இன்னொரு பிரிவினருக்கு ஆறு மணி நேரமும், மற்றொரு பிரிவினருக்கு நான்கு மணி நேரமும் படுக்கையில் இருக்க அனுமதி அளித்து, இவ்வாறே 14 நாட்கள் தொடர்ந்தார்கள். நான்காவது பிரிவினர் மூன்று இரவுகள் அறவே உறங்காமல் இருந்தனர். திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது போன்ற எளிய சோதனைகளில், ஆறு மணி நேரத்தாரின் கவனம் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே சென்று, இரண்டு வார முடிவில் ஓர் இரவு முழுவதும் கண்விழித்தவர்களின் நிலையை எட்டியது. நான்கு மணி நேரத்தார் இரண்டு இரவுகள் விழித்தவர்களுக்குச் சமமாயினர். இதனினும் முக்கியமானது மற்றொன்று. உனக்குத் தூக்கம் வருகிறதா என்று அவர்களைக் கேட்டபோது, முதல் சில தினங்களில் ஆம் என்றவர்கள், பிற்பாடு தங்கள் நிலை மேலும் கெட்டுக்கொண்டு போவதை உணரவே இல்லை. நாலு மணி நேரம் தூங்கினால் எனக்குப் போதும் என்று பெருமை பேசும் பிரமுகர்களின் வாக்குமூலத்தை நாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இதனால் விளங்கும்.

புத்திக்கு நேர்வது இவ்வாறு எனில், தேகத்துக்கு நேர்வதைப் பற்றி சிகாகோவில் ஈவ் வான் காட்டர் குழுவினர் 1999-இல் அறிவித்தது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆரோக்கியமான 11 வாலிபர்கள் ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுத்திருந்தபோது, இரத்தத்திலுள்ள சர்க்கரையை அப்புறப்படுத்தும் அவர்களுடைய சக்தி வெகுவாகக் குன்றி, நீரிழிவின் தொடக்கநிலையில் இருப்பவர்களை ஒத்திருந்தது. போதிய உறக்கம் கிடைத்ததும் அது மீண்டது. சளிக் கிருமியை மூக்கில் சொட்டுவிட்டுக் கவனித்த ஷெல்டன் கோஹனின் 2009-ஆம் ஆண்டு ஆய்வில், ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்குவோருக்குச் சளி பிடிக்கும் சாத்தியம், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்குவோருக்கு இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. பாஸ்டன் மருத்துவமனையொன்றில் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் குழு 2004-இல் கண்டதோ, 24 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தொடர்பணி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், பணி சுருக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாக அபாயகரமான தவறுகள் செய்தனர் என்பது.

ஆகவே, உள்ள உறக்கத்தை வெட்டுவது கேடு என்பது தீர்ந்த விஷயம். ஆனால் மேற்சொன்ன ஆய்வுக்கூடப் பரிசோதனைகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அம்சத்தை வாசகர் கவனிக்க வேண்டும். அவை நடந்த அறைகளில் இருட்டு உண்டு, குளிர்ச்சி உண்டு, நிசப்தம் உண்டு, கொசு இல்லை, பக்கத்தில் அழும் குழந்தை இல்லை. அங்கே ஆறு மணி நேரம் படுக்கை என்றால், ஏறக்குறைய அவ்வளவும் உறக்கம். படுக்கை நேரமும் உறக்க நேரமும் ஒன்றையொன்று விட்டு விலகாத அந்தச் சூழலில் கண்டறிந்த விதியை, அவை இரண்டும் வெகுதூரம் விலகிக் கிடக்கும் வீடுகளுக்குப் பெயர்த்து எழுதலாமா என்பதுதான் கேள்வி.

3. கணக்கெடுப்புகள் காட்டுவதும் மறைப்பதும்

லட்சக்கணக்கானவர்களிடம் எவ்வளவு நேரம் உறங்குகிறீர்கள் என்று கேட்டு, பல்லாண்டுகள் காத்திருந்து, யார் இறந்தார், யார் இருக்கிறார் என்று பார்க்கும் ஆய்வுகள் வேறொரு வகை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் திரட்டிய, 11 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு டேனியல் கிரிப்கி 2002-இல் வெளியிட்ட முடிவு, ஏழு மணி நேரம் உறங்குவதாகச் சொன்னவர்களே நீடித்து வாழ்ந்தனர் என்றும், எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் சொன்னவர்களிடையே மரணம் அதிகம் என்றும் காட்டி, எட்டு மணி நேரப் பக்தர்களைத் திடுக்கிடச் செய்தது. பிரான்செஸ்கோ கப்புச்சியோ குழுவினர் 2010-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறைவாக உறங்குவோருக்கு 12 சதவீதமும், மிகுதியாக உறங்குவோருக்கு 30 சதவீதமும் மரண அபாயம் கூடுதல் என்று வந்தது.

இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு, அதிகம் தூங்குவது ஆயுளைக் குறைக்கும் என்று எழுதியவர்கள் உண்டு. அது விவேகமான முடிவு ஆகாது. நோயின் காரணமாகவும் மனச்சோர்வின் காரணமாகவும் படுத்த படுக்கையாக இருப்பவன் அதிக நேரம் உறங்குகிறான். அவன் இறப்பது நோயால், உறக்கத்தால் அன்று. இதே எச்சரிக்கையைக் குறைவான உறக்கத்தைப் பற்றிய எண்ணுக்கும் பிரயோகிக்க வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைவாக உறங்குபவன் பெரும்பாலும் வறியவன், இரவுப்பணி செய்பவன், இரண்டு வேலை பார்ப்பவன், சத்தமிக்க தெருவில் குடியிருப்பவன். அவனுடைய ஆயுளைக் குறைத்தவற்றுள் உறக்கத்தின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று கணிதத்தால் பிரித்தெடுப்பது சுலபமல்ல. இதற்கெல்லாம் மேலாக, இக்கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை வாய்மொழியை நம்பியவை. உறங்கிய நேரத்தைக் கேட்டால் மனிதர்கள் படுத்த நேரத்தையே சொல்லிவிடுகிறார்கள் என்பது, கருவியால் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில் பன்முறை வெளிப்பட்ட உண்மை.

4. மின்விளக்கு இல்லாத ஊர்களில்

நம் முன்னோர் நீண்ட நேரம் உறங்கினார்கள், மின்சாரம் வந்து அதைத் திருடிக்கொண்டது என்பது பரவலான நம்பிக்கை. ஜெரோம் சீகல் குழுவினர் 2015-இல் தான்சானியாவின் ஹாட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மூன்று சமூகத்தாரின் கையில் அசைவுமானியைக் கட்டி அளந்தபோது, மின்விளக்கை அறியாத அம்மக்கள் 6.9 முதல் 8.5 மணி நேரம் வரை படுத்திருந்து, அதில் 5.7 முதல் 7.1 மணி நேரம் வரையே உறங்கினர் என்று தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் அவர்கள் படுத்துவிடவும் இல்லை. சராசரியாக மூன்று மணி நேரத்துக்குப் பின்னர், வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் உறங்கி, இரவின் மிகக் குளிர்ந்த வேளையை ஒட்டி எழுந்தனர். இந்தக் கடைசிச் செய்தியைக் கட்டுரையின் பிற்பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்வோம்.

5. சென்னைப் பரிசோதனை

பெத்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி தோமா என்னும் ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள், சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை ஒரு மாத காலம் கணினியில் விவரப் பதிவு செய்யும் வேலைக்கு அமர்த்தி, அவர்களுடைய இரவையும் பகலையும் ஒருங்கே அளந்தார்கள். முடிவுகள் 2021-இல், பொருளாதாரத் துறையின் முதல் வரிசைச் சஞ்சிகைகளுள் ஒன்றான குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் வெளியாயின. வேலைக்கேற்ற ஊதியம் என்பதால், யார் எவ்வளவு செய்தார், எவ்வளவு பிழை விட்டார் என்பது நிமிஷக் கணக்கில் பதிவாயிற்று. உறக்கமோ வாய்மொழியாக அன்றி, கைக்கடிகாரம் போன்ற ஆக்டிகிராஃப் கருவியால் அளக்கப்பட்டது.

பரிசோதனை தொடங்கு முன்பே கிடைத்த செய்திதான், என் அபிப்பிராயத்தில், இந்த ஆராய்ச்சியின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. இவர்கள் இரவில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் படுக்கையில் கழித்தார்கள். ஆயினும் உறங்கியது ஐந்தரை மணி நேரந்தான். படுத்த நேரத்தில் சுமார் 70 சதவீதமே உறக்கமாக அமைந்தது. மூச்சடைப்பு நோயும் தூக்கமின்மை நோயும் உள்ளவர்களிடம் காணக்கூடிய விகிதம் அது என்று ஆய்வாளர்களே ஒப்பிட்டனர். எட்டு மணி நேர விதியை இவர்கள் மீறவில்லை. ஒழுக்கக் குறைவென்றும், கைப்பேசி மோகமென்றும், நேரத்தை வீணடிப்பதென்றும் இவர்களைக் கடிந்துகொள்ள வழியில்லை. வேளையோடு படுத்தும் உறக்கம் வராமலும், வந்த உறக்கம் ஓர் இரவில் பலமுறை முறிந்தும் இவர்கள் பொழுதைக் கழித்தார்கள்.

பிறகு, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒரு பிரிவினருக்கு உறக்கத்தின் நன்மைகள் எடுத்துச் சொல்லப்பட்டன. கட்டில், மெத்தை, தலையணை, விரிப்பு, மேஜை மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் முதலிய சாதனங்கள் வழங்கப்பட்டன. சிலருக்கு, கூடுதலாக உறங்கிய நேரத்துக்குப் பணமும் தரப்பட்டது. பலன் கிட்டியது: உறக்கம் இரவொன்றுக்குச் சராசரி 27 நிமிஷம் கூடிற்று. ஆனால் எவ்வாறு கூடிற்று என்று பார்த்தால், அவர்கள் படுக்கையில் 38 நிமிஷம் கூடுதலாக இருந்ததனாலேயே கூடிற்று. படுத்த நேரத்தில் உறங்கும் விகிதம் உயரவில்லை. மெத்தையும் விசிறியும் வந்த பின்னும், உறக்கத்தின் தன்மை அப்படியே இருந்தது.

கூடிய 27 நிமிஷத்தால் வேலைத்திறன் உயரும், புத்தி தெளியும், மனம் உற்சாகமடையும் என்று உறக்க விஞ்ஞானிகளும் பொருளாதார நிபுணர்களும் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். அவர்களிடம் எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்டு வைத்திருந்ததால் இதை மறுக்க இடமில்லை. கிடைத்த முடிவோ அதற்கு நேர்மாறு. வேலைத்திறனிலும், அறிவுத் தேர்வுகளிலும், முடிவெடுக்கும் பாங்கிலும், மன நலத்திலும் கண்டுகொள்ளத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. படுக்கையில் செலவான நேரம் வேலை நேரத்திலிருந்து கழிந்ததனால், உழைத்த நேரம் சற்றுக் குறையவும் செய்தது.

அதே பரிசோதனையின் இன்னொரு கிளையில், சிலருக்கு அலுவலகத்திலேயே, அமைதியான இடத்தில் பிற்பகல் அரைமணி நேரம் படுத்துக்கொள்ள வசதி செய்து தரப்பட்டது. அந்த அரைமணியில் அவர்கள் உண்மையாக உறங்கியது சராசரி கால் மணி நேரம்கூட இராது. ஆயினும் அந்தச் சிறு துயிலால் வேலைத்திறனும் மனத்தின் நலமும் கவனமும் உயர்ந்தன. இன்றைய சிறு லாபத்துக்காக நாளைய பெரு நன்மையைக் கைவிடாத பொறுமைகூடச் சற்று வளர்ந்தது. இரவில் 27 நிமிஷம் சாதிக்காததைப் பகலில் அதில் பாதி நேரம் சாதித்தது.

6. ஆட்சேபங்கள்

இம்முடிவை எதிர்ப்பவர்கள் சொல்லக்கூடியவற்றுள் சில வலுவானவை. முதலாவது, 27 நிமிஷம் என்பது சொற்பம். சில வாரங்கள் என்பதும் சொற்பம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடனை அதைக்கொண்டு அடைக்க முடியாது. இதில் உண்மை இருக்கிறது. சிகாகோவில் ஈஸ்ரா தசாலி குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கிய, உடல் எடை சற்று மிகுந்த 80 பேரில் ஒரு பாதியினர், தக்க ஆலோசனையின் பயனாக இரவுக்கு 1.2 மணி நேரம் கூடுதலாக உறங்கியபோது, அவர்கள் நாள்தோறும் உட்கொண்ட உணவு சுமார் 270 கலோரி குறைந்தது. எனவே நேரத்தைக் கூட்டுவதால் பயனே இல்லை என்று சென்னை ஆய்வைக் கொண்டு வாதிடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் அங்கே வெறும் ஆலோசனையே 1.2 மணி நேரத்தைத் தந்தது என்பதையும், இங்கே கட்டில், மெத்தை, விசிறி, பணம் எல்லாம் சேர்ந்தும் 27 நிமிஷத்தைத்தான் தந்தன என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம், ஆய்வாளர்கள் பார்க்காத இடத்தில் பயன் விளைந்திருக்கலாம் என்பது. இரத்தக்கொதிப்பு, நீரிழிவு போன்றவற்றில் நேரும் மாற்றம் ஒரு மாதத்தில் தென்படாது. இதையும் ஒப்புக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஐந்தரை மணி நேரமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம் என்னும் வாதம். ஹாட்சா மக்கள் முதலானோரின் கீழெல்லை 5.7 மணி நேரமாயிற்றே, சென்னைவாசி 5.5 மணி நேரம் உறங்கினால் என்ன குறை என்று கேட்கலாம். கருவிக்குக் கருவி அளவு சற்று மாறும் என்பதை விட்டுவிட்டாலும், இந்த ஒப்பீடு எனக்கு வேறொன்றை உணர்த்துகிறது. அம்மக்கள் படுத்த நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உறங்கினார்கள், சென்னையில் 70 சதவீதமே. மணிக்கணக்கு ஒன்றாகவே இருக்க, உறக்கம் வேறாக இருக்கக்கூடும். பகலில் கால் மணி நேரம் கண்ணயர்ந்ததற்கே இவ்வளவு பலன் விளைந்தது என்றால், அவர்களுடைய இரவு நிறைவானதாக இருந்தது என்று நம்புவது கடினம்.

முறிந்த உறக்கம் முழு உறக்கம் ஆகாது என்பதற்கு வைத்திய சாஸ்திரத்திலேயே பிரத்தியட்சமான உதாரணம் இருக்கிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் மூச்சடைப்பு நோயில், நோயாளி ஒவ்வொரு முறையும் தன்னை அறியாமலே சில விநாடிகள் விழித்து, மூச்சை மீட்டுக்கொண்டு, மறுபடி உறங்குகிறான். இரவு முழுவதும் உறங்கியதாக அவன் நினைக்கிறான். பகலில் கார் ஓட்டும்போது கண் அயர்கிறான். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் செலுத்தி அந்தப் பாதையைத் திறந்து வைக்கும் முறையைக் கண்டார். சிகிச்சைக்குப் பின் நோயாளி அதே எட்டு மணி நேரம்தான் படுத்திருக்கிறான். விழித்தெழும் மனிதன் வேறு. மூச்சடைப்பு விழிக்கச் செய்வதைப் போலவே, லாரி ஒலிப்பானும் கொசுக்கடியும் புழுக்கமும் விழிக்கச் செய்தால் புத்திக்கு நேரும் விளைவும் அத்தகையதே என்பது என் அநுமானம். சென்னைப் பரிசோதனை இதை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஏனெனில் உறக்கத்தின் தன்மையை உயர்த்துவதில் அது வெற்றி பெறவே இல்லை. உயர்த்த முயன்று தோற்றது என்பதே அதன் பாடம்: தெருவையும் கூரையையும் அப்படியே விட்டுவிட்டு, மனிதனுக்குக் காதடைப்பானும் கண்மறைப்பும் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

7. இரவு யாருடைய பொறுப்பு?

உறக்கத்தைத் தனிமனித ஒழுக்கமாகப் பார்ப்பது நம்மிடம் பழைய வழக்கம். திருக்குறள், காலதாமதம், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு துயிலையும் சேர்த்து, கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலமாகச் சொல்கிறது. அதிகத் துயிலைப் பற்றிய அந்தக் கண்டனம் தன்னளவில் நியாயமானது. அது அரசனுக்கும் அமைச்சனுக்கும் காரியமாற்றும் தலைவனுக்கும் சொன்ன அறிவுரை. ஒற்றை அறை வீட்டில், ஐந்தாறு பேர் நெருங்கிப் படுத்து, விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும் என்று எழுந்து காத்திருக்கும் குடும்பத்துப் பெண்ணுக்குச் சொன்னதன்று. இன்றைய ஆரோக்கிய உபதேசம், சோம்பலைக் கண்டித்த இடத்தில் விழிப்பைக் கண்டிக்கிறது. குற்றவாளி மட்டும் மாறவில்லை.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். உறக்கம் வருவதற்கு உடலின் உட்சூடு சற்று இறங்க வேண்டும். சுற்றுப்புறம் குளிர்ந்தால் அது எளிது. மின்விளக்கற்ற சமூகத்தார் வெப்பம் இறங்கும் வேளையில் உறங்கினர் என்று மேலே கண்டோம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அதை இரவில் வீட்டுக்குள் விடுகிறது. கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராமல் தங்கிவிடும் சென்னையில், இரவு படுக்கப் போகும் நேரத்துக்கு அறை தணிவதே இல்லை. கையணிக் கருவிகள் மூலம் 68 நாடுகளிலிருந்து பெற்ற சுமார் 70 லட்சம் இரவுகளின் பதிவைக் கொண்டு 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பமான இரவுகள் உறக்கத்தைக் குறைக்கின்றன என்றும், அந்த நஷ்டம் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளில் வாழ்பவர்களுக்கும் அதிகம் என்றும் காட்டியது. அறையைக் குளிர்விக்கும் இயந்திரமுள்ளவன் தன் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளிவிட்டு உறங்குகிறான்; இயந்திரம் இல்லாத அடுத்த வீட்டுக்காரனின் ஜன்னலுக்கு அந்த வெப்பம் போய்ச் சேருகிறது.

ஓசைக்குச் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கின்றன. நம் நகரங்களின் பிரதான சாலையோரம் வசிக்கும் எவரும் இந்த விதியைக் கேட்டால் சிரிப்பார்கள். டெல்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூன் மாதம் நள்ளிரவில், உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது போலீஸார் எடுத்த நடவடிக்கை பற்றிய வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதி பி.எஸ். சௌஹான் தம் தனிக்குறிப்பில், உறக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் ஷரத்து காக்கும் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று எழுதினார். உறங்குகிறவனை எழுப்பும் போலீஸ் தடியைப் பற்றிச் சொன்னது, உறங்கவே விடாத ஒலிபெருக்கிக்கும் பொருந்தும் என்று கொள்வதில் தவறில்லை.

இரவுப்பணியாளர் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் நாள்-இரவு ஒழுங்கைக் குலைக்கும் இரவுப்பணியை, புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்னும் பிரிவில் 2007-இல் சேர்த்து, 2019-இல் மறுபடியும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டு நிறுத்துகிறேன்.

8. பகல் துயிலைப் பற்றி

பகலில் உறங்குவது நம் வைத்திய மரபில் பொதுவாக விலக்கப்பட்டது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகளில் அது ஒரு விலக்கு. ஆனால் உணவோடும் பிரமசரியத்தோடும் நித்திரையைத் தேகத்தைத் தாங்கும் மூன்று துணைத்தூண்களுள் ஒன்றாக வைத்த சரகசம்ஹிதை, பகல் துயிலை விலக்கும்போதே, கோடைகாலத்துக்கும், சுமை தூக்கியும் வழி நடந்தும் களைத்தவர்களுக்கும், இரவில் கண்விழித்தவர்களுக்கும், முதியோர் குழந்தைகளுக்கும் விலக்களிக்கிறது. யாருக்கு, எந்தப் பருவத்தில், எந்த உழைப்புக்குப் பின் என்று கேட்டு விதியை வகுக்கும் அந்தப் பாங்கு, அனைவருக்கும் எட்டு என்று முழங்கும் நவீன உபதேசத்தைவிட விவேகமுடையதாக எனக்குத் தோன்றுகிறது. சென்னையில் விவரப்பதிவு செய்தவர்கள் இந்த விலக்குகளில் இரண்டு மூன்றுக்கு ஒருங்கே உரியவர்கள்.

எனினும் பகல் துயிலுக்கு ஒரு விலை உண்டு, அதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. அரைமணி நேரம் படுத்தவர்கள், அதே அரைமணியைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களைவிட அதிகம் சாதித்தார்கள். அந்த நேரத்திலும் வேலை பார்த்தவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். வேலைக்கேற்ற கூலி பெறுகிறவன், தன் கூலியிலிருந்து கொடுத்துத்தான் இந்தத் துயிலை வாங்க வேண்டியிருக்கிறது. தெளிந்த கவனத்தின் லாபத்தில் பெரும்பங்கு முதலாளிக்கும், இழந்த நிமிஷத்தின் நஷ்டம் முழுவதும் தொழிலாளிக்கும் என்பது நீதியாகாது. அந்த அரைமணிக்கு ஊதியம் உண்டு என்று வைத்தால் ஒழிய, பகல் துயிலை ஒரு சுகாதாரத் திட்டமாகச் சிபாரிசு செய்ய நான் தயங்குவேன்.

இதற்கு வேண்டிய அஸ்திவாரம் நம் சட்டங்களில் முன்பே போடப்பட்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணியேனும் இடைவேளை தர வேண்டும் என்றும், 150 பேருக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் ஓய்வறை இருக்க வேண்டும் என்றும் விதித்தது. கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே பணிபுரிந்தவர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஓய்வறைகளில் இருட்டும் அமைதியும் சில கட்டில்களும் வேண்டும் என்றும், அங்கே கழியும் அரைமணி வேலை நேரமாகவே கணக்கில் சேர வேண்டும் என்றும் விதிக்க, அதைவிடப் பெரிய துணிவு எதுவும் தேவையில்லை. இரவைப் பொறுத்தவரை, 45 டெசிபல் என்னும் விதி எந்தெந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மீறப்படுகிறது என்பதை நகராட்சிகள் அளந்து, பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிடட்டும். அதைச் செய்யாத வரையில், வேளையோடு படுங்கள் என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்வதை வைத்தியர்களும் பத்திரிகைகளும் நிறுத்தி வைப்பது நல்லது. சென்னையில் அளக்கப்பட்டவர்கள் வேளையோடு படுத்தவர்களே.